எல்லைக்கோடும் எழுதுகோலும்

புதுவைக்கு வடக்கே ஒட்டிக்கிடக்கும் கோட்டக்குப்பம் அன்று ஆங்கிலேயர் மண். அதனையடுத்த முத்தியாலுப்பேட்டையோ பிரெஞ்சியர் ஆட்சிக்குட்பட்டது. 1908இல் 'இந்தியா' இதழின் ஆசிரியராகப் பதிவுபெற்றிருந்த சீனிவாசன் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். எழுதிய பாரதியார் புதுவை சேர்ந்தார். (பெயர் கொடுத்துச் சிறை சென்றவரை நம் இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் கடந்துவிடுவது முறையன்று.) இதழ் புதுவையில் மீண்டும் தோன்றியது. அச்சகத்தைத் தொட இயலாத ஆங்கில அரசு, தாள் எல்லை கடப்பதைத் தடுத்தது. வாசகரை இழந்த இதழ் 1910இல் நின்றது. கவிஞர் மறைந்து ஏழாண்டு கழிந்தும் ஆள்வோரின் அச்சம் தீரவில்லை. 1928இல் சென்னை அரசு அவர்தம் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எதிர்த்து வாதாடினார். 1949இல் அதே சென்னை அரசு, விடுதலை பெற்ற நாட்டின் அரசாய், அப்படைப்புகளின் உரிமையைத் தானே பெற்றுக்கொண்டது.