நீங்கள் மீட்கப்பட்டுவிட்டீர்களா? - விசுவாசமும் நற்செயலும்



விழுப்புரம் பேருந்து நிலையத்திலோ, திண்டிவனம் செல்லும் பேருந்திலோ இந்தக் கேள்வி நம்மில் பலரிடம் கேட்கப்பட்டிருக்கும்: "நீங்கள் இரட்சிக்கப்பட்டுவிட்டீர்களா? எந்தத் தேதியில்?" கேட்பவர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார். நாமோ, "ஞாயிறு பூசைக்குத் தவறாமல் போகிறேன், வேளாங்கண்ணிக்கு நடந்தே போயிருக்கிறேன், கோவில் கட்ட நன்கொடை கொடுத்தேன்" என்று கணக்குச் சொல்லத் தொடங்குகிறோம். "செயல்களால் மீட்பு கிடையாது" என்று அவர் சொல்லிவிட்டு இறங்கிப் போகிறார். நம் மனதில் கலக்கம் தங்கிவிடுகிறது. இதற்குத் திருச்சபை தரும் பதில் என்ன?

மீட்பு கடவுளின் கொடை

இரட்சிப்பு, மீட்பு இரண்டும் ஒன்றே. விசுவாசம் என்று நம் பெரியோர் சொன்னதையே 1995-இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நம்பிக்கை என்கிறது. சொல் மாறினாலும் பொருள் மாறவில்லை.

நாம் மீட்கப்படுவது கடவுளின் அருளால், விசுவாசத்தின் வழியாக. இது நாம் சம்பாதித்தது அல்ல. யாரும் பெருமை பாராட்ட இடமில்லை என்று தூய பவுல் எபேசியருக்கு எழுதுகிறார் (2:8-9). கத்தோலிக்கத் திருச்சபை இதை மறுக்கிறது என்று சிலர் நினைப்பது தவறு. 1547-இல் திரிதெந்து பொதுச்சங்கம், விசுவாசமே மனித மீட்பின் தொடக்கம், அடித்தளம், வேர் என்று கற்பித்தது. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு நற்செயல் செய்யக் காலமே இருக்கவில்லை. கேட்டான், பெற்றான் (லூக் 23:42-43).

ஆகவே, நேர்ச்சையும் நன்கொடையும் விண்ணகத்திற்கு நாம் கட்டும் கட்டணம் அல்ல. அப்படி எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுவோம்.

எந்தத் தேதியில்?

தூய பவுல் மூன்று காலங்களிலும் மீட்பைப் பற்றிப் பேசுகிறார். மீட்கப்பட்டிருக்கிறோம் (உரோ 8:24), மீட்கப்பட்டு வருகிறோம் (1 கொரி 1:18), மீட்கப்படுவோம் (உரோ 5:9). திருமுழுக்கில் தொடங்கிய வாழ்வு நற்கருணையிலும் ஒப்புரவு அருள்சாதனத்திலும் வளர்ந்து, இறுதியில் நிறைவு பெறுகிறது. எனவே தேதி கேட்பவரிடம், "கிறிஸ்து என்னை மீட்டார், மீட்டு வருகிறார், நிறைவாக மீட்பார் என எதிர்நோக்கியிருக்கிறேன்" என்று தயங்காமல் சொல்லலாம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

அப்படியானால் நற்செயல்கள் எதற்கு? இதற்கு நம் திண்டிவனத்திலேயே ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் சீர்திருத்த சபையைச் சேர்ந்த ஆற்காடு மிஷனில் மருத்துவர் ஜான் ஸ்கடர் இங்கே பணியாற்றினார். 1890 வாக்கில், நோயுற்ற தாயைக் கவனிக்க அவருடைய மகள் ஐடா வந்திருந்தார். இந்தியாவில் தங்கி மிஷனரியாகும் எண்ணம் அவருக்கு இல்லை.

ஓர் இரவில் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், மற்றொருவரும் இந்து. மூவரின் மனைவியரும் பேறுகாலத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஆண் மருத்துவர் தங்கள் மனைவியரைப் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களுமே இறந்திருந்தனர்.

அந்த இரவில் ஐடாவிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. செபித்தார், இறைவன் தம்மை அழைப்பதை உணர்ந்தார். மருத்துவம் பயில அமெரிக்கா சென்றார். 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் திரும்பி, வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு பணி தொடங்கினார். 1902-இல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என அது வளர்ந்தது. நம் ஊர்களிலிருந்து இன்றும் நோயாளிகள் நாடிச் செல்லும் வேலூர் சி.எம்.சி. இப்படித்தான் உருவானது.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் அழைப்பு, பிறகு விசுவாசம், அதன்பின் செயல். செயல்தான் விலை என்றால், எத்தனை ஆயிரம் தாய்மார்களைக் காப்பாற்றினாலும் அந்த மூவரின் கடன் தீராது. கனி மரத்திற்கு வேர் ஆகாது. ஆனால் வேர் உயிரோடு இருந்தால் கனி வரும். அன்பின் வழியாகச் செயலாற்றும் விசுவாசமே பயன் தரும் என்கிறார் தூய பவுல் (கலா 5:6). செயலற்ற விசுவாசம் செத்தது என்கிறார் தூய யாக்கோபு (2:17). இருவரும் ஒரே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

சபைகளும் ஒன்றாய்ச் சொல்கின்றன

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆகஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியால் அல்ல, கிறிஸ்துவில் கொள்ளும் விசுவாசத்தால், அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார்; அதே அருள் நம்மை நற்செயலுக்கு அழைக்கிறது என்பதே அதன் சாரம். 2006-இல் மெத்தடிஸ்ட் சபையினரும், 2017-இல் ஐடாவின் மரபான சீர்திருத்த சபையினரின் உலகக் கூட்டமைப்பும் இதில் இணைந்தனர். எனவே, பேருந்தில் நம்மிடம் கேள்வி கேட்பவரை எதிரியாகப் பார்க்க வேண்டாம்.

சிந்தனைக்கு

நம் அன்பியத்தில் நோயுற்றவர், தனித்து வாழும் முதியவர், கடனில் தவிப்பவர் யார்? இந்த வாரம் யார் நம் கதவைத் தட்டுகிறார்? "என்னிடம் ஒன்றுமில்லை" என்று தயங்க வேண்டாம். அன்று ஐடாவிடமும் ஒன்றும் இருக்கவில்லை.

செபம்: ஆண்டவரே, விலையின்றி எங்களை மீட்டீர். உம்மை நம்பும் எங்கள் இதயத்தையும், பிறருக்கு உதவும் எங்கள் கைகளையும் பிரியாமல் காத்தருளும். ஆமென்.