மீட்பாலும் மன்னரும்: ஸ்வீடன் இறைச்சி உருண்டையின் கதை

2018ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஸ்வீடன் நாட்டின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கில் ஒரு சின்ன செய்தி வந்தது. ஸ்வீடிஷ் மீட்பால் என்று உலகமே சொல்லும் இறைச்சி உருண்டை உண்மையில் ஸ்வீடனுடையதே அல்ல, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பன்னிரண்டாம் சார்லஸ் மன்னர் துருக்கியிலிருந்து கொண்டுவந்த செய்முறை அது என்று சொல்லி, உண்மையோடு நிற்போம் என்று முடித்திருந்தார்கள். அவ்வளவுதான்! துருக்கியில் ஒரே கொண்டாட்டம். ஸ்வீடனில் சிலருக்கு அதிர்ச்சி, சிலருக்குச் சிரிப்பு. உலகப் பத்திரிகைகள் எல்லாம் "ஸ்வீடன் ஒப்புக்கொண்டது" என்ற தோரணையில் எழுதின.

ஒரு நாடே தன் வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் என்ன சந்தேகம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் வரலாறு படிப்பவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் சொன்னது என்பதோடு நிறுத்தாமல், எதை வைத்துச் சொன்னார்கள் என்றும் கேட்பார்கள். அப்படிக் கேட்டுப் பார்த்தால் இந்தக் கதை வேறு மாதிரி போகிறது. வாருங்கள், பார்ப்போம்.

மன்னரின் கதை

பன்னிரண்டாம் சார்லஸ் சாதாரண ஆள் இல்லை. 15 வயதில் அரியணை ஏறியவர். ஆட்சிக்காலத்தில் பெரும்பகுதியைப் போர்க்களத்திலேயே கழித்தவர். 1709இல் இன்றைய உக்ரைனில் உள்ள பொல்தாவா என்ற இடத்தில் ரஷ்யாவின் மகா பீட்டரிடம் படுதோல்வி அடைந்தார். மிச்சமிருந்த கொஞ்சம் வீரர்களோடு தெற்கே ஓடி, ஒட்டோமான் பேரரசில் தஞ்சம் புகுந்தார். இன்றைய மால்டோவா பகுதியில் உள்ள பெண்டர் என்ற ஊரில்தான் அவருடைய முகாம்.

விருந்தாளி வந்தார், ஆனால் கிளம்பவே இல்லை! வருடக்கணக்கில் தங்கினார். கடன் ஏறியது. கடைசியில் சுல்தானின் பொறுமை போய், 1713 பிப்ரவரியில் படையை அனுப்பி அவரைப் பிடித்தார்கள். அந்தக் கலவரத்துக்கு "கலபாலிக்" என்று பெயர். துருக்கி மொழியில் கூட்டம் என்று பொருள்படும் அந்தச் சொல் ஸ்வீடிஷ் மொழியில் அமளி துமளி என்ற பொருளில் இன்றும் புழங்குகிறது. 1714இல்தான் மன்னர் அங்கிருந்து கிளம்பினார். குதிரையில் ஐரோப்பாவைக் கடந்து, அப்போது ஸ்வீடன் வசம் இருந்த வடஜெர்மனித் துறைமுகமான ஸ்ட்ரால்சுண்டுக்கு வந்தார். கடன் கொடுத்தவர்களும் பணத்தைக் கேட்டு ஸ்வீடன் வரை வந்து சேர்ந்தார்கள் என்பது வேறு கதை. 1718இல் நார்வேயில் ஒரு கோட்டையை முற்றுகையிட்டபோது தலையில் குண்டு பாய்ந்து இறந்தார்.

ஆக, மன்னர் சுமார் ஐந்து வருடம் ஒட்டோமான் மண்ணில் இருந்தது உண்மை. துருக்கியில் கோஃப்தே என்ற இறைச்சி உருண்டை இருப்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டால் கதை தயார். ஆனால் அந்தக் கோட்டுக்கு ஆதாரம் எங்கே?

பெயர் சொல்லும் சாட்சி

மீட்பாலுக்கு ஸ்வீடிஷ் மொழியில் பெயர் "ஷெட்புல்லர்". எழுதும்போது முதலெழுத்து ஆங்கிலத்தின் கே. அதனால் எழுத்தில் பார்த்தால் கோஃப்தேயும் இதுவும் சொந்தக்காரர்கள் மாதிரித் தெரியும். ஆனால் "ஷெட்" என்றால் இறைச்சி, "புல்லே" என்றால் உருண்டை அல்லது பன். இரண்டுமே வடஐரோப்பிய வேர்ச்சொற்கள். கோஃப்தேயோ இடிப்பது, நசுக்குவது என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லை.

இதோடு இன்னொரு ஸ்வீடிஷ் பதார்த்தத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். முட்டைக்கோஸ் இலையில் கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டிச் செய்வார்கள். அதற்குப் பெயர் "கோல்டோல்மார்". "கோல்" என்றால் முட்டைக்கோஸ். "டோல்மா" என்பது அப்பட்டமான துருக்கிச் சொல். திராட்சை இலையில் சுருட்டும் துருக்கி டோல்மா, திராட்சை விளையாத குளிர்நாட்டில் முட்டைக்கோஸுக்கு மாறிவிட்டது. பன்னிரண்டாம் சார்லஸ் இறந்த நவம்பர் 30ஆம் தேதியைக் கோல்டோல்மார் தினமாகவே அங்கே சிலர் கொண்டாடுகிறார்கள்.

உணவு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது பெரும்பாலும் தன் பெயரையும் மூட்டை கட்டிக்கொண்டுதான் போகும். டோல்மா அப்படிப் போயிருக்கிறது. மீட்பால் போகவில்லை. ஆக, துருக்கித் தொடர்பு முழுப்பொய் அல்ல. அது உட்கார வேண்டிய தட்டு வேறு, அவ்வளவுதான்.

வேறு ஒரு விஷயமும் உண்டு. இறைச்சியைக் கொத்தி உருட்டிச் சமைப்பது யாரோ ஒருவர் கண்டுபிடித்த ரகசியம் இல்லை. பண்டைய ரோமானியச் சமையல் நூலில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு பாக்தாத் சமையல் நூலில் இருக்கிறது. ஸ்வீடனுக்குப் பக்கத்து வீடான டென்மார்க்கில் ஃப்ரிகடெல்லர் என்ற பெயரில் இருக்கிறது. இத்தனை அக்கம்பக்கம் இருக்கும்போது, உருண்டை பிடிக்கக் கற்றுக்கொள்ள மன்னர் பெண்டர் வரை போக வேண்டிய அவசியமே இல்லை.

காய்சா வார்க் அம்மையார்

சரி, எழுத்தில் ஆதாரம் எப்போது கிடைக்கிறது? 1755இல். காய்சா வார்க் என்ற பெண்மணி ஸ்டாக்ஹோமில் பெரிய வீடுகளில் சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் கவனித்தவர். அவர் இளம்பெண்களுக்கான வீட்டு நிர்வாகக் கையேடு ஒன்றை எழுதினார். சுருக்கமாக, அன்றைய "சமைத்துப் பார்". ஷெட்புல்லர் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் காட்டுவது இந்தப் புத்தகத்தைத்தான். அவர் இறந்தது 1769இல். அதற்குப் பிறகும் 1822 வரை புத்தகம் மறுபதிப்பு வந்துகொண்டே இருந்தது.

மன்னர் திரும்பிவந்து சுமார் 40 வருடம் கழித்து வந்த நூல் இது. இடைப்பட்ட காலத்தில் மன்னரையும் உருண்டையையும் இணைக்கும் ஒரு தாள்கூட யாரும் காட்டவில்லை. ட்விட்டர் செய்தி வந்தபிறகு ஸ்வீடனின் ஆய்வாளர்களே இதைச் சுட்டிக்காட்டினார்கள். போதாக்குறைக்கு, சாப்பாட்டு விஷயத்தில் மன்னர் மிகவும் எளிமையானவர் என்றுதான் குறிப்புகள் சொல்கின்றன.

ஆனால் 1755இல் இது ஏழை வீட்டுச் சாப்பாடு இல்லை. உருண்டைக்குப் புது இறைச்சி வேண்டும். கிராமத்து மக்களுக்கோ புது இறைச்சி இலையுதிர் காலத்தில் கால்நடை வெட்டும்போதுதான் கிடைக்கும். மற்ற நாட்களில் உப்புக்கண்டம், ஹெர்ரிங் மீன், கஞ்சி, கெட்டி ரொட்டி. அதோடு இறைச்சியைக் கத்தியால் பொடிப்பொடியாகக் கொத்த வேலையாள் வேண்டும். மன்னர் கதையில் காணாமல் போவது இந்தக் கைகள்தான். கொத்திய கைகளுக்கு வரலாற்றில் பெயர் இல்லை.

இரும்பும் பாலாடையும்

பணக்காரர் வீட்டு உருண்டை எல்லோர் வீட்டுக்கும் எப்படி வந்தது? மன்னரால் அல்ல, இயந்திரத்தால்!

ஹஸ்க்வார்னா என்ற நிறுவனம் 1689இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய ஆலை. ஆயுத வியாபாரம் மந்தமானபோது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தையல் இயந்திரம், இரும்பு அடுப்பு, கையால் சுற்றும் கறி அரைக்கும் இயந்திரம் என்று இறங்கியது. மேசை விளிம்பில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் போதும். அரைமணி நேரக் கொத்து வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெட்டிய துண்டில் மிஞ்சிய சில்லறை இறைச்சியும் வீணாகாமல் உருண்டையானது.

அடுத்தது க்ரீம். பாலைப் பாத்திரத்தில் ஊற்றி இரவெல்லாம் காத்திருந்து மேலே மிதக்கும் ஆடையை எடுப்பதுதான் பழைய வழி. 1878இல் ஸ்வீடனின் குஸ்தாஃப் டி லாவால், பாலைச் சுழற்றியே க்ரீமைப் பிரிக்கும் இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். 1883இல் அதற்கென ஒரு நிறுவனமும் தொடங்கினார். இன்று ஆல்ஃபா லாவால் என்று அறியப்படுவது அதுதான். பால்பண்ணைத் தொழில் பெரிதாகி, க்ரீம் கிரேவி சாதாரண வீட்டு அடுப்பிலும் கொதிக்க ஆரம்பித்தது.

தட்டில் பக்கத்தில் இருப்பவற்றையும் பாருங்கள். உருளைக்கிழங்கை உணவுப் பயிராக ஸ்வீடனில் பரப்ப முயன்றவர் யோனாஸ் அல்ஸ்ட்ரோமர். அவர் ஆலிங்சோஸ் என்ற ஊரில் பயிரிடத் தொடங்கியது 1724இல், அதாவது மன்னர் இறந்த பிறகு! 1746இல் ஈவா எகெப்ளாட் என்ற பெண்மணி உருளைக்கிழங்கிலிருந்து மாவும் சாராயமும் எடுக்கும் வழியைக் காட்டினார். 1748இல் ஸ்வீடன் அரசு அறிவியல் கழகத்தில் உறுப்பினரான முதல் பெண் அவரே. உருண்டையில் மணத்துக்குச் சேர்க்கும் ஆல்ஸ்பைஸ் கரீபியன் தீவுகளின் காய். காட்டில் விளையும் லிங்கன்பெர்ரி மட்டும்தான் உள்ளூர்ச் சொத்து. அந்தப் பழத்தில் இயற்கையாகவே பென்சாயிக் அமிலம் இருப்பதால் கெடாது. சர்க்கரை விலை அதிகமாக இருந்த காலத்திலும் ஏழைகள் பறித்து வைத்துக் குளிர்காலம் முழுக்கத் தொட்டுக்கொள்ள முடிந்தது.

உலகம் சுற்றிய உருண்டை

19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930க்குள் 10 லட்சத்துக்கும் அதிகமான ஸ்வீடன் மக்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். உருண்டையும் கூடவே போனது. 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்வீடன் அரங்கின் உணவகம் ஸ்மார்கஸ்போர்ட் விருந்தைப் பிரபலமாக்கியது. பிறகு 1985இல் ஐகியா தன் கடை உணவகங்களில் மீட்பாலைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் செவெரின் ஷோஸ்டெட் என்ற சமையல்காரர். 2018 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் இந்தியாவின் முதல் ஐகியா திறந்தபோது, மாடும் பன்றியும் இல்லாமல் கோழி உருண்டையும் காய்கறி உருண்டையும் பரிமாறினார்கள். இடத்துக்கு ஏற்றபடி மறுபடியும் ஒரு மாற்றம்.

வீட்டில் செய்து பார்க்க

2020 ஏப்ரலில் கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தபோது, வீட்டிலேயே செய்துகொள்ளுங்கள் என்று ஐகியா ஒரு செய்முறை வெளியிட்டது. அளவு இதுதான்: மாட்டுக் கொத்துக்கறி 500 கிராம், பன்றிக் கொத்துக்கறி 250 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயம் 1, பூண்டு ஒரு பல், ரொட்டித்தூள் 100 கிராம், முட்டை 1, பால் 5 மேசைக்கரண்டி, உப்பு, மிளகு. இந்த இறைச்சிகள் வேண்டாம் என்பவர்கள் கோழியில் செய்யலாம்.

எல்லாவற்றையும் பிசைந்து சின்ன உருண்டையாகப் பிடித்து, 2 மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் உடையாது. வாணலியில் எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து, மூடி போட்ட பாத்திரத்தில் 180 டிகிரி அவனில் 30 நிமிடம். ரொட்டித்தூளையும் பாலையும் செலவு குறைக்கும் தந்திரம் என்று நினைக்காதீர்கள். ரொட்டி ஈரத்தைப் பிடித்துவைத்து, இறைச்சி இறுகிப்போகாமல் தடுக்கிறது. உருண்டை மெத்தென்று இருப்பதன் ரகசியம் அதுவே.

கிரேவிக்கு 40 கிராம் வெண்ணெயில் 40 கிராம் மைதாவை 2 நிமிடம் வறுத்து, 300 மில்லி ஸ்டாக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறவும். பிறகு க்ரீம் 150 மில்லி, சோயா சாஸ் 2 தேக்கரண்டி, கடுகு விழுது 1 தேக்கரண்டி. கெட்டியானதும் இறக்கலாம். மசித்த உருளைக்கிழங்கு பக்கத்தில். லிங்கன்பெர்ரி கிடைக்காவிட்டால் புளிப்பான ஏதாவது ஜாம்.

கடைசியாக

ஒரு பழமொழி ஸ்வீடனில் காய்சா வார்க் பெயரில் உலவுகிறது. "கையில் இருப்பதை வைத்துச் செய்" என்பது அதன் பொருள். வேடிக்கை என்னவென்றால், அவர் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லவே இல்லை! மன்னருக்கு ஒரு செய்முறை ஒட்டிக்கொண்ட மாதிரி, அம்மையாருக்கு ஒரு பழமொழி ஒட்டிக்கொண்டது.

பெரிய மனிதர் ஒருவர் கொண்டுவந்தார் என்றால் கதை சொல்ல சுலபம். ஆயிரம் பேர் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள் என்றால் யார் கேட்பார்கள்? ஆனால் நடந்தது இரண்டாவதுதான். இந்த உருண்டை துருக்கிக்கும் முழுச்சொந்தம் இல்லை, ஸ்வீடனுக்கும் முழுச்சொந்தம் இல்லை. கறி கொத்தியவர்களும், இயந்திரம் சுற்றியவர்களும், காட்டில் பழம் பறித்தவர்களும் சேர்ந்து செய்தது. அரசாங்கமே சொன்னாலும் ஒருமுறை சரிபார்ப்பது அவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை.