பீற்றில்ஸ் குழுவினரின் இறுதிப் பாடல்: ஒரு வரலாற்று ஆராய்ச்சி

கலைஞன் ஒருவன் மறைந்த பின்னர், அவன் முற்றுவியாது விட்டுச்சென்ற ஆக்கத்தைப் பிறர் முடித்து வைத்தல் தகுமோ என்னும் வினா மேனாட்டு இசை வரலாற்றிற் பழைமையானதொன்று. 1791ஆம் ஆண்டு திசெம்பர் 5ஆம் நாள் வியன்னா நகரில் மொசாற் இறந்தபோது, இறந்தோர்பொருட்டுப் பாடப்படும் திருப்பலி இசையொன்று அவர் கையில் அரைகுறையாய் இருந்தது. பிரபு ஒருவர் பொருள் கொடுத்து இயற்றுவித்த இசை அது. முடித்துக் கொடாவிடின் எஞ்சிய பணம் கிடையாது. ஆதலின் மொசாற்றின் மனைவியார் கொன்ஸ்தான்சா அதனைப் பிறரைக்கொண்டு நிறைவு செய்வித்தார். பெரும் பகுதியை முடித்தவர் சூஸ்மாயர் என்னும் இளைஞர். எது மொசாற்றின் கை, எது சூஸ்மாயரின் கை என்னும் வாதம் இருநூறு ஆண்டுகள் கடந்தும் ஓய்ந்திலது.

இத்தாலிய இசைநாடக ஆசிரியர் புச்சினி 1924இல் இறந்தபோது 'துராந்தோ' என்னும் நாடகத்தின் இறுதிப் பகுதி எழுதப்படாதிருந்தது. அல்பானோ என்பவர் அதனை முடித்தார். 1926ஆம் ஆண்டு ஏப்பிரல் 25ஆம் நாள், மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கில் அந்நாடகம் முதன்முறை மேடையேறிய இரவில், இசையை நடாத்திய தொஸ்கனினி, புச்சினியின் எழுத்து முடிந்த இடத்திலே இசையை நிறுத்தி, அதனை அவையோர்க்கு அறிவித்தார். அதன் பின்னர் நிகழ்ந்த ஆட்டங்களில் அல்பானோவின் முடிவும் சேர்த்தே இசைக்கப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் இருவேறு நெறிகளைக் காட்டுவன. குறையை நிரப்பி, நிரப்பிய இடந் தோன்றாமற் செய்தல் ஒரு நெறி. குறை தொடங்கும் இடத்தைக் காட்டி நிற்றல் மற்றொரு நெறி. இவற்றுள் எது சிறந்ததென்னும் வழக்கு 2023ஆம் ஆண்டிற் புதியதொரு வடிவில் எழுந்தது. அவ்வாண்டு நொவெம்பர் 2ஆம் நாள், 1970இல் கலைந்துபோன பீற்றில்ஸ் என்னும் றொக் இசைக்குழுவின் பெயரால் 'நவ் அன்ட் தென்' என்னும் புதுப்பாடல் வெளியிடப்பட்டது. அதனைப் பாடிய ஜோன் லெனன் இறந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அப்பாடலின் வரலாற்றையும், அதுபற்றி அக்குழுவின் அன்பர் தம்முள் நிகழ்த்திய வாதத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரினின்றும் தோன்றிய இக்குழுவில் ஜோன் லெனன், போல் மக்காட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்ரார் என்னும் நால்வர் இருந்தனர். இவருள் ஹரிசன் பண்டிதர் இரவிசங்கரிடம் சித்தார் பயின்றவர். 1968இல் நால்வருமே தியானம் பயிலும் பொருட்டு இருஷிகேசம் சென்றவர். 1962 முதல் எட்டாண்டுகளுக்குள் உலகெங்கும் புகழ் பரப்பிய அவர்கள் 1970இல் மனக்கசப்புடன் பிரிந்தனர். லெனன் நியூ யோர்க் நகரிற் குடியேறி, 1970களின் பிற்பகுதியிற் சில ஆண்டுகள் இசைத்தட்டு எதுவும் வெளியிடாது இல்லத்திலே தங்கியிருந்தார். அக்காலத்தில் அவர் தம் வீட்டுப் பியானோவில் வாசித்துப் பாடிப் பதிந்த ஒலிநாடாக்கள் சில எஞ்சின. 1980ஆம் ஆண்டு திசெம்பர் 8ஆம் நாள் அவர் தம் இல்லத்தின் வாயிலிற் சுடப்பட்டு இறந்தார். அவ்வமயம் அவர்க்கு வயது நாற்பது.

1994ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லெனனின் மனைவியார் யோக்கோ ஓனோ அவ்வொலிநாடாக்களுட் சிலவற்றை மக்காட்னியிடங் கொடுத்தார். எஞ்சிய மூவரும் தம் வரலாற்றைத் தொகுத்துக் கொண்டிருந்த காலம் அது. லெனன் விடுமுறையிற் சென்றுள்ளார், முடித்து வைக்குமாறு தம்மிடம் பாடலை ஒப்படைத்துள்ளார் எனத் தமக்குள் எண்ணிக்கொண்டே அவர்கள் வேலையைத் தொடங்கினர் என்பர். இவ்வாறு முடிக்கப்பெற்ற 'பிறீ அஸ் ஏ பேர்ட்' 1995 திசெம்பரிலும், 'றியல் லவ்' 1996 மார்ச்சிலும் வெளிவந்தன. முதற் பாடலில் லெனன் சொற்களை நிரப்பாது விட்ட இடங்களுக்கு மற்றையோர் புதுச்சொற்களை இயற்றினர். ஆதலின் நால்வர் பெயரும் அதற்கு இடப்பட்டது. இரண்டாவது பாடல் முழுதும் லெனனுடையதாகலின் அவர் பெயர் மட்டுமே இடப்பட்டது. இவ்வேறுபாடு சிறிதாயினும் போற்றத்தக்கது. யார் எதனைச் செய்தார் என்பதை மறையாது கூறும் நேர்மை அதனுள் உளது.

மூன்றாவதாக எடுக்கப்பட்ட பாடலே 'நவ் அன்ட் தென்'. 1995இல் அதனை முடிக்க முயன்று, சில நாட்களுள் அவர்கள் கைவிட்டனர். ஒலிநாடாவில் மின்னிரைச்சல் மிகுந்திருந்தது. பியானோவின் ஒலி ஓங்கும் இடங்களிற் குரல் அமுங்கியது. ஒன்றைக் குறைப்பின் மற்றதும் குறைந்தது. ஹரிசன் 2001 நொவெம்பர் 29ஆம் நாள் இறந்தார். பாடலும் அவரோடு அடங்கிற்றெனவே பலரும் எண்ணினர்.

அதற்கு உயிர் கொடுத்தது பிறிதொரு முயற்சி. 1969 சனவரியில் இக்குழுவினர் பாடிப் பழகியதைப் பதிந்த படச்சுருள்களைக்கொண்டு, நியூசிலாந்துப் பட இயக்குநர் பீற்றர் ஜாக்சன் 2021இல் 'கெற் பாக்' என்னும் ஆவணப்படத்தை வெளியிட்டார். அப்பழைய ஒலிநாடாக்களிற் பேச்சும் கிற்றாரும் முரசும் ஒரே தடத்திற் கலந்து கிடந்தன. ஒவ்வோர் ஒலியின் இயல்பையுங் கணினிக்குக் கற்பித்து, கலந்த ஒலியினின்றும் அவற்றைத் தனித்தனியே பிரித்தெடுக்கும் முறையொன்றை அவர்தங் குழுவினர் உருவாக்கினர். அம்முறையால் லெனனின் குரல் பியானோவினின்றும் தூய்மையாய்ப் பிரிக்கப்பட்டது. அதனோடு 1995இல் ஹரிசன் வாசித்திருந்த கிற்றார் இசை, மக்காட்னியும் ஸ்ராரும் புதிதாய் வாசித்தவை, நரம்புக்கருவி இசை என்பன சேர்ந்து பாடல் நிறைவுற்றது. அது பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அக்குழுவின் பாடலொன்று அவ்விடத்தைப் பெற்று ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. 2025 பெப்ரவரியிற் கிராமி விருதொன்றும் அதற்குக் கிடைத்தது.

இனி, அன்பரிடையே எழுந்த வாதங்களை ஒவ்வொன்றாய் நோக்குவாம்.

முதலாவது, இயந்திரம் பற்றியது. 2023 சூனில் மக்காட்னி வானொலிச் செவ்வியொன்றிற் செயற்கை நுண்ணறிவின் துணையைக் குறிப்பிட்டபோது, இறந்தவர் குரலைக் கணினி போலியாய்ப் படைத்துவிட்டதோ எனப் பலர் அஞ்சினர். செயற்கையாய் எதுவும் ஆக்கப்படவில்லை என அவர் சின்னாட்களுள் விளக்கினார். இவ்விளக்கம் ஏற்கத்தக்கதே. ஏட்டுச்சுவடியில் எழுத்து மங்கியவிடத்து மை தடவித் துடைத்துப் படிப்பது நம்மவர் வழக்கு. மை தடவியவர் எழுத்தை எழுதியவராகார். எழுதப்பட்டிருந்ததைக் கண்ணுக்குப் புலப்படுத்தியவரே ஆவர். இங்கு நிகழ்ந்ததும் அத்தகையதே.

இரண்டாவது, இது குழுவின் பாடலாகுமோ என்பது. நால்வரும் ஒருங்கிருந்து பாடாத பாடலைக் குழுவின் பாடல் என்றல் பொருந்தாது என ஒரு சாரார் கூறுவர். வரலாறு இவர்க்குச் சான்று பகராது. 1965இல் வெளிவந்த 'யெஸ்ரடே' என்னும் பாடலை மக்காட்னி ஒருவரே நரம்புக்கருவி வாசிப்போர் நால்வரோடு பதிந்தார். 1969இல் முதலிடம் பெற்ற 'த பலட் ஒவ் ஜோன் அன்ட் யோக்கோ' லெனனும் மக்காட்னியும் மட்டுமே இசைத்தது. 1970 சனவரியில் 'ஐ மீ மைன்' பதியப்பட்டபோது லெனன் அங்கு இருந்திலர். இவை யாவும் பீற்றில்ஸ் பாடல்கள் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. எனவே, எத்தனை பேர் இசைத்தனர் என்பது அளவுகோலாகாது.

அங்ஙனமாயின் அளவுகோல் யாது? குழு என்பது ஒருவர் கொணர்வதை மற்றையோர் ஏற்கவும் மறுக்கவும் உரிமையுடைய கூட்டம். 'யெஸ்ரடே' பாடலில் மற்றை மூவர் குரலும் இல்லையெனினும், வேண்டாம் என்று சொல்ல அவர்கள் உயிரோடிருந்தனர். 2023இல் லெனனுக்கும் ஹரிசனுக்கும் அவ்வுரிமை இருந்திலது. இதுவே வாதத்தின் உயிர்நிலை எனலாம்.

மூன்றாவது வாதம் இதனின்றே பிறக்கின்றது. ஹரிசன் இப்பாடலை விரும்பினாரல்லர் என்பதற்கு மக்காட்னி பின்னாளிற் கூறியவை சான்றாகக் காட்டப்படும். ஒலிநாடாவின் குறையே அவரைத் தடுத்தது, இன்றிருப்பின் அவரும் மனமுவந்து சேர்ந்திருப்பார் என்பது அவர் மனைவியார் ஒலிவியாவின் கூற்று. வரலாற்று மாணவன் இவ்விரண்டையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டும் இறந்தவர் உள்ளத்தைப் பற்றிப் பிறர் சொன்ன சொற்கள். செயலால் அறியக்கூடியன இரண்டே: 1995இல் அவர் அப்பாடலுக்குக் கிற்றார் வாசித்தார், பின்னர் வேலை நிறுத்தப்பட்டது. இவற்றுக்கப்பாற் செல்வது ஊகம். எனினும் அவர் குடும்பத்தார் இசைந்தனர், லெனனின் மனைவியாரே ஒலிநாடாவைக் கொடுத்தார் என்பதனால், உரிமை மீறப்பட்டதென்னும் குற்றச்சாட்டு நிற்கமாட்டாது.

நான்காவது வாதமே வலிமை வாய்ந்தது. லெனனின் மூலப்பதிவில் இருந்த ஒரு பகுதி புதுப்பாடலில் நீக்கப்பட்டுள்ளது. மூலப்பதிவின் கள்ளப் படிகள் முன்னரே அன்பரிடையே உலவியமையால் இதனைப் பலர் உடனே கண்டுகொண்டனர். அப்பகுதி முற்றுப்பெறாதது, அதனை நீக்கியதாற் பாடல் செவ்விதாயிற்று என ஒரு சாராரும், லெனன் உள்ளம் கலங்கிநின்ற இடமே அதுவென மறுசாராரும் வாதித்தனர். இன்னுமொன்று: 1966, 1969ஆம் ஆண்டுகளிற் பாடப்பெற்ற வேறு பாடல்களின் துணைக்குரல்கள் எடுத்து இதனுட் பொருத்தப்பட்டன. ஹரிசனின் பாணியில் மக்காட்னி தாமே கிற்றார் வாசித்துச் சேர்த்துள்ளார். குரல் அவர்களுடையதே, பாணியும் அன்பினாற் பின்பற்றப்பட்டதே. ஆயினும் அவை இப்பாடலுக்கென அவர்கள் தந்தவையல்ல. நம் புலவர்கள் இடைச்செருகல் என வழங்குவது இதற்கு அணித்தாய் நிற்கின்றது.

இவ்விடத்துப் பதிப்பாசிரியர் கடமையை நினைத்தல் பயனுடைத்து. ஏடு சிதைந்தவிடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவர் நல்ல பதிப்பாசிரியர். தாம் ஊகித்த பாடத்தை அடிக்குறிப்பில் வைப்பர். பாடலுக்குப் புள்ளியிடல் இயலாதே எனின், உண்மையே. கேட்போன் செவிக்கு இடைவெளியின்றி ஓடவேண்டியது இசை. ஆயினும் மூலத்தைப் பக்கத்தில் வைத்தல் இயலும். 'றியல் லவ்' பாடலை லெனன் தனித்துப் பாடிய பதிவொன்று 1988இலேயே வெளியாகியிருந்தது. ஆதலின் 1996இல் நண்பர்கள் செய்தவை எவையென எவரும் ஒப்பிட்டறிய முடிந்தது. 2023இல் வெளியான தட்டிலோ மறுபக்கத்தில் 1962இன் 'லவ் மீ டூ' இடம்பெற்றது, மூலப்பதிவு இடம்பெற்றிலது. குழுவின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே தட்டில் இணைத்தமை அழகியதொரு கருத்தே. ஆனால் லெனன் இப்பாடலை எவ்வாறு விட்டுச்சென்றார் என்பதை அத்தட்டினின்றும் அறிதல் இயலாது.

மொசாற்றின் கையெழுத்துப்படி வியன்னாவின் தேசிய நூலகத்திற் பேணப்பட்டிருப்பதனாலேயே, சூஸ்மாயர் முடித்ததைப் பின்வந்தோர் ஆராயவும் திருத்தவும் முடிந்தது. முடித்தவர் பிழை செய்திருப்பினும் மூலம் இருக்கும்வரை அப்பிழை இறுதியானதன்று. மூலம் மறைந்தவிடத்து, முடித்தவர் அன்பு எத்துணைப் பெரிதாயினும், இறந்தவர் சொல்லாததைச் சொன்னார் என்றே வருங்காலம் கொள்ளும். முடித்தவர்மேலும் அது வீண்பழியாய் வந்து சேரும்.

ஆகவே, இப்பாடலை முடித்தமை தவறன்று என்பதும், முடித்த முறையில் ஒரு குறை உண்டென்பதும் எம் துணிபு. எண்பது வயது கடந்த இருவர், இளமையிற் பிரிந்த நண்பர் குரலோடு தம் குரலைச் சேர்த்துப் பாடியதைக் குறை கூற யார்க்கும் மனம் வராது. ஆயின் வரலாறு மனத்தை மட்டும் நம்பி எழுதப்படுவதன்று. பாடலின் பெயரெதிரே 2023 என்று மட்டும் எழுதாது, லெனன் பாடிய காலம், ஹரிசன் வாசித்த காலம், ஏனையோர் நிறைவு செய்த காலம் என மூன்றையும் எழுதுதலே முறை. மூலப்பதிவும் என்றேனும் அதனருகே வைக்கப்படுமாயின், அன்பரின் வழக்குப் பெரும்பாலும் தீரும். எது நண்பன் விட்டுச்சென்றது, எது நண்பர் சேர்த்தது என்பதைத் தெளிவாய்க் காட்டுவதே, முடித்தவரின் அன்புக்கும் இறந்தவரின் உரிமைக்கும் ஒருங்கே செய்யும் நன்றாகும்.