அரிசிப் பூசணத்தில் பிறந்த கொழுப்பு மாத்திரை

திருச்சி தில்லை நகரில் இதய மருத்துவரைப் பார்த்துவிட்டு ஸ்ரீரங்கம் திரும்பும் பெரியவர்களின் சீட்டில், ராத்திரி சாப்பிட வேண்டியது என்று ஒரு மாத்திரை அநேகமாக இருக்கும். அடோர்வாஸ்டாடின், இல்லாவிட்டால் ரோசுவாஸ்டாடின்; இரண்டும் ஸ்டாடின் வகை. வீட்டில் அதற்குக் கொழுப்பு மாத்திரை என்று பெயர். அந்தப் பெயர் பாதிதான் சரி.

அதன் மூதாதை கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பிடித்திருந்த நீலப்பச்சைப் பூசணம். டோக்கியோவில் சாங்க்யோ மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்த அகிரா எண்டோவுக்கு, பென்சிலினைக் கண்ட ஃப்ளெமிங்தான் இளம் வயது முதல் ஆதர்சம். கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதையை அடைத்து எதிரிக் கிருமிகளை ஒடுக்கும் பூசணம் ஒன்றாவது இருக்கும் என்று அவர் கணக்குப் போட்டார். 1971-இல் தேடத் தொடங்கி, சுமார் 6,000 நுண்ணுயிர்களைச் சோதித்தார். 1973-க்குள் ‘காம்பாக்டின்’ கையில் இருந்தது. கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிக்க அவசியமான நொதியை அது முடக்கியது.

ஆனால் எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்ட்ரால் அசையவில்லை. முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பிறகுதான் மருந்து பிழைத்தது. நாய்களில் புற்றுநோய் அச்சம் எழுந்ததும் 1980-இல் சாங்க்யோ அதைக் கைவிட்டது. அதே வகை மருந்தை வேறொரு பூசணத்திலிருந்து எடுத்த அமெரிக்க மெர்க் நிறுவனம், 1987-இல் லோவாஸ்டாடினைக் கடைக்குக் கொண்டுவந்தது. எண்டோவுக்குக் காசு வரவில்லை. 2008-இல் லாஸ்கர் விருது வந்தது.

இது முதல் பிறப்பு. நோய் எதிர்ப்புச் செல்களோடு தொடர்புடைய இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது.

துருப்பிடித்த தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொள்வதுபோல ரத்தக்குழாய் அடைக்கிறது என்றுதான் நமக்குச் சொல்லிப் பழக்கம். நடப்பது வேறு. எல்.டி.எல். கொழுப்பு ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து திரிகிறது. அதை அந்நியனாகப் பார்த்து, நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் தின்கின்றன. தின்று தின்று நுரைபோல உப்பிய செல்களாகி அங்கேயே தங்கிவிடுகின்றன. இன்னொரு வகை எதிர்ப்புச் செல்களான டி செல்கள் வந்து சேர்ந்து சண்டையை மூட்டுகின்றன. இப்படிச் சேர்ந்த படிவின் மேல்மூடி மெலிந்து வெடித்தால் ரத்தம் உறைகிறது, மாரடைப்பு. இந்தக் குழாய் அடைப்பை அழற்சி நோய் என்று ஆய்வாளர் ரசல் ராஸ் 1999-இல் உறுதியாக எழுதினார்.

  

இந்த மாத்திரை அந்தச் செல்களையும் தொடுமா? முதல் தடயம் 1995-இல், லாஸ் ஏஞ்சலஸில், இதய மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 97 பேரிடம் கிடைத்தது. பிராவாஸ்டாடின் சாப்பிட்டவர்களில் ஓராண்டு கடந்தவர்கள் 94 சதவீதம், சாப்பிடாதவர்களில் 78. கடுமையான நிராகரிப்பும் குறைந்தது. புது இதயத்தை நிராகரிப்பது எதிர்ப்புச் செல்களின் வேலை. கொழுப்பைக் குறைத்தது மட்டும் அதற்குப் போதாது. 2000-இல் ஜெனிவாவில் பிரெண்டா குவாக், பிரான்சுவா மாக் குழு காரணம் ஒன்றைக் காட்டியது: மேக்ரோஃபேஜ்கள் டி செல்களைத் தூண்டக் காட்டும் அடையாளப் புரதத்தையே ஸ்டாடின் குறைக்கிறது. தவிர, கொலஸ்ட்ரால் பிறக்கும் அதே பாதையில்தான் செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் புரதங்களுக்கு வேண்டிய பொருள்களும் பிறக்கின்றன. பாதையை அடைத்தால் எல்லாமே குறையும்.

அதற்காக எல்லாப் பெருமையையும் செல்களுக்குக் கொடுக்க நான் தயாரில்லை. 2008-இன் ஜூபிட்டர் ஆய்வில், கொலஸ்ட்ரால் அதிகமில்லாமல் அழற்சிக் குறியீடு மட்டும் கூடியிருந்த 17,802 பேரில் ரோசுவாஸ்டாடின் நன்றாக வேலை செய்தது. ஆனால் எல்.டி.எல்.லையும் பாதியாக்கிவிட்டது, எதனால் பலன் என்று பிரிக்க முடியவில்லை. 2017-இல் கொழுப்பைத் தொடாமல் அழற்சியை மட்டும் தணிக்கும் கனகினுமாப் ஊசி மாரடைப்பைக் குறைத்தது. உயிர்க்கொல்லித் தொற்றுகள் சற்றுக் கூடின. கொழுப்பு விறகு, செல்கள் நெருப்பு; விறகைக் குறைப்பதே இன்றும் மாத்திரையின் முதல் வேலை என்பதே என் கட்சி.

ஆகவே, “டெஸ்ட் நார்மல் ஆயிடுச்சே, நிறுத்திடலாமா?” என்று கேட்பவர்களே, மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். தசை வலி வந்தாலும் அவரிடமே சொல்லுங்கள்.