சோக்கை இழுத்த கை எங்கே போனது?

இந்த எபிசோடுல ஒரு சின்ன கோளாறை எடுத்துக்கிட்டு அதோட வரலாற்றைப் பார்க்கப் போறோம். காலையில் காரை ஸ்டார்ட் பண்றீங்க. ஐடிலிங்கில் எஞ்சின் உதறுது, ஆர்பிஎம் முள் மேலேயும் கீழேயும் ஆடுது, சில சமயம் அணைஞ்சே போயிடுது. கொஞ்ச தூரம் ஓடி சூடானதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி அமைதியாகிடுது. மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்ச் சேரும்போது எஞ்சின் சூடாகியிருக்கும். "வண்டி நல்லாத்தானே சார் இருக்கு" என்று அனுப்பிடுவார்.

ஏன் இப்படி? பெட்ரோல் ஆவியானால்தான் ஒழுங்கா எரியும். ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேணும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் உள்சுவரில் ஈரமா ஒட்டிக்குது. அதனால எரியுற கலவையில் பெட்ரோல் குறைஞ்சிடுது. ஆக, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேணும். ஆயில் கெட்டியா இருக்கும்போது உராய்வைத் தாண்டிச் சுத்த, கூடுதல் காற்றும் வேணும். இந்த ரெண்டையும் யார் கொடுக்கிறது என்பதுதான் மொத்தக் கதையும்.

முதலில் கொடுத்தது டிரைவரோட கை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஆரம்பகால மாருதி 800 ஓட்டினவங்களுக்கு சோக் ஞாபகம் இருக்கும். அதை இழுத்தா கார்புரேட்டர் வாயில் இருக்கிற தகடு மூடும். உறிஞ்சும் விசை கூடி பெட்ரோல் அதிகமா வரும். கூடவே த்ராட்டிலும் லேசா திறக்கும். எப்போ உள்ளே தள்ளணும் என்பதை எஞ்சின் சத்தத்தைக் கேட்டு முடிவு பண்ணணும். மறந்துட்டா கரும்புகை, கரி பிடிச்ச ஸ்பார்க் பிளக். 1930களிலேயே அமெரிக்க கார்களில் சூட்டுக்கு வளையும் உலோகச் சுருள் இந்த வேலையைத் தானாகச் செய்ய ஆரம்பிச்சது.

அடுத்த முயற்சி எலக்ட்ரானிக்ஸ். 1957இல் அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் எலக்ட்ரோஜெக்டர் என்ற ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் அமைப்பை அறிவிச்சது. ராம்ப்ளர் ரெபெல் காரில் அதைப் பொருத்திப் பார்த்தாங்க. வெயில் நாளில் ஓடிச்சு. குளிரில் ஸ்டார்ட் ஆகவே தகராறு பண்ணிச்சு. 1958இல் கிரைஸ்லர் சில கார்களில் விற்றது. அவற்றில் பெரும்பாலானவை மறுபடி கார்புரேட்டருக்கே திரும்பின.

பெண்டிக்ஸின் காப்புரிமைகளுக்கு உரிமம் வாங்கி, 1967இல் டி-ஜெட்ரானிக் அமைப்பைக் கொண்டுவந்தது ஜெர்மனியின் பாஷ். முதலில் வந்த கார், அமெரிக்கச் சந்தைக்கான ஃபோக்ஸ்வாகன் 1600. ஏன் அமெரிக்கா? லாஸ் ஏஞ்சலிஸ் நகரை மூடிய புகைமூட்டத்துக்கு கார் புகையும் ஒரு காரணம் என்று 1950களின் தொடக்கத்திலேயே ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டியிருந்தார். 1968 மாடல் கார்களில் இருந்து அங்கே நாடு முழுக்கப் புகைக் கட்டுப்பாடு வந்தது.

டி-ஜெட்ரானிக்கில் மைக்ரோபிராசசர் கிடையாது. இன்டெல் 4004 வந்ததே 1971இல்தான். இது முழுக்க அனலாக் சர்க்யூட். ஆனால் சோக்கின் வேலையை அழகா மூணாகப் பிரிச்சிருந்தாங்க: வெப்பத்தை அளக்க ஒரு சென்சார், ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் பெட்ரோல் தெளிக்க ஒரு வால்வு, கூடுதல் காற்றுக்கு இன்னொரு வால்வு. எங்க தொழிலில் இதைத்தான் ரீஃபேக்டரிங் என்போம்.

1976இல் வால்வோ காரில் ஆக்சிஜன் சென்சார் வந்தது. புகையை முகர்ந்து பார்த்து கலவையைத் திருத்தச் சொல்லும். ஒரு சிக்கல்: அது வேலை செய்ய சுமார் 300 டிகிரி சூடு வேணும். புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அப்படித்தான். அதனால இன்றைய காரும் ஸ்டார்ட் ஆன முதல் ஒன்றிரண்டு நிமிஷத்தில்தான் அதிகமா விஷத்தைக் கக்குது. இந்தியாவில் 1999இல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துக்கு யூரோ விதிகளைக் கட்டாயமாக்கியதை ஒட்டி கார்புரேட்டர் கார்கள் வேகமா மறைஞ்சாலும், அந்த முதல் நிமிஷம் மறையலை.

இப்போ உங்க காருக்கு வருவோம். சூடானதும் சரியாவது ஏன்? பல நேரம் கோளாறு போகறதில்லை. ஆக்சிஜன் சென்சார் விழிச்சுக்கிட்டு அதை ஈடுகட்டுது. குளிரில் ஈசியூ நம்பியிருப்பது பெரும்பாலும் கூலன்ட் வெப்ப சென்சாரை. பல கார்களில் அதன் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இருக்கும். குளிர்ந்த எஞ்சினை "சூடு" என்று அது பொய் சொன்னா, கூடுதல் பெட்ரோல் வராது.

எளிய சோதனை: ராத்திரி முழுக்க நின்ன வண்டியில், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ஸ்கேனரை மாட்டுங்க. கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். பெரிய வித்தியாசம் இருந்தா, ரெண்டில் ஒரு சென்சார் தப்பு. ரெண்டும் சரின்னா, த்ராட்டில் பாடியில் கரி, வெடிச்ச வேக்வம் ஹோஸ், தேய்ஞ்ச பிளக் என்று வரிசையா பாருங்க. முடிஞ்சா வண்டியை முந்தின நாள் சாயங்காலமே ஷெட்டில் விட்டுடுங்க. காலையில் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே கேட்கட்டும். சோக் இருந்த காலத்தில் டிரைவர் கேட்ட அதே சத்தம்தான்.