குதிரைத்திறன்

ஓர் எந்திரம் எவ்வளவு விரைவாக வேலையை முடிக்கும் என்பதைக் காட்டும் அளவு, பேச்சில் ‘எச்.பி.’. 550 பவுண்டு, அதாவது 250 கிலோவுக்குச் சற்றே குறைந்த எடையை ஒரு நொடியில் ஓரடி உயரம் தூக்கினால் ஒரு குதிரைத்திறன். வாட் கணக்கில் ஏறத்தாழ 746.

எந்திரத்தைக் குதிரைகளோடு ஒப்பிடும் பேச்சு தாமஸ் சேவரி 1702-இல் வெளியிட்ட நூலிலேயே உண்டு. அதை அளவாக்கியவர் ஜேம்ஸ் வாட், தூண்டியது வியாபாரம். வாட்டும் அவர் கூட்டாளி மேத்யூ போல்ட்டனும் கார்ன்வால் சுரங்கங்களில் எந்திரம் நிறுவி, பழைய நியூகோமன் எந்திரத்தைவிட மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கினார்கள். குதிரை பூட்டி ஆலை ஓட்டியவர்களிடம் இந்தக் கணக்கு செல்லாது. அவர்கள் நிலக்கரியே எரிக்கவில்லையே! ‘இத்தனை குதிரைக்கு ஈடு’ என்று சொன்னால்தான் பேரம் பேச முடியும்.

12 அடி ஆரமுள்ள வட்டத்தில் நிமிடத்துக்கு 2.4 சுற்று, இழுவிசை 180 பவுண்டு என்று ஆலைக் குதிரைக்கு வாட் கணக்கிட்டார். பெருக்கினால் நிமிடத்துக்கு 32,572 அடி-பவுண்டு. 1783-இல் அதை 33,000 என முழுமையாக்கிக்கொண்டார். பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் குதிரைக்குக் கொடுத்தது சுமார் 23,000தான். நாள் முழுக்க உழைக்கும் சாதாரணக் குதிரைக்கு வாட்டின் கணக்கு அதிகம். ஆனால் வாங்குபவர் குறைசொல்ல இடமில்லாமல் போனது. சில நொடிகளுக்கு மட்டும் என்றால் நல்ல குதிரை பல எச்.பி. காட்டும்.

ஐரோப்பாவில் வழங்கிய மெட்ரிக் குதிரைத்திறன் இன்னும் சற்றுச் சிறியது, 735.5 வாட். அறிவியலில் கிலோவாட் நிலைத்துவிட்டது. நம் ஊரில் பைக் வாங்குபவர் ‘எத்தனை சிசி?’ என்பார், டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் எச்.பி.தான். தமிழ்நாட்டில் 1990-இல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசமானது. மீட்டர் இல்லாத பம்புசெட்டுகளுக்காக மின்வாரியத்துக்கு அரசு தரும் மானியமும் ஆண்டுக்கு ஒரு எச்.பி.க்கு இவ்வளவு என்றே கணக்கிடப்பட்டு வந்திருக்கிறது. எரிபொருளை அளக்க வழியில்லாத இடத்தில் பணம் பேசவே பிறந்த அளவு, அதே வேலையைத்தான் இங்கும் செய்கிறது.

மோட்டாரின் பெயர்ப்பலகையில் 5 எச்.பி. என்பதன் பக்கத்தில் 3.7 கிலோவாட் என்று பொறித்திருப்பார்கள். அது தண்டில் கிடைக்கும் திறன். முழுச் சுமையில் ஓடும்போது கம்பியிலிருந்து மோட்டார் இழுக்கும் மின்சாரம் அதைவிடக் கூடுதல்.