ஒரே பெயரில் 2 கோப்புகள்... எதை அழிக்கலாம்?

ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்கம் செய்தீர்கள். மறுநாள் மீண்டும் செய்தீர்கள். இப்போது கணினியில் 2 கோப்புகள். புதியதன் பெயருக்குப் பின்னால் (1).

"ரெண்டும் ஒன்னுதானே, ஒன்ன அழிச்சிடலாம்!"

கொஞ்சம் பொறுங்க.

(1) என்றால் என்ன?

அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது என்று மட்டுமே பொருள். பழையது அழிந்துவிடாமல் இருக்க, குரோம் போன்ற உலாவிகள் எண்ணைச் சேர்க்கின்றன. உள்ளே இருப்பதை அவை ஒப்பிடுவதில்லை.

எதை வைத்துக்கொள்வது?

இரண்டையும் திறந்து பாருங்கள். நீங்கள் நிரப்பிச் சேமித்தது பழைய கோப்பாக இருக்கலாம். (1) வெறும் படிவமாக இருக்கலாம்.

தவறி அழித்துவிட்டால்?

விண்டோஸில் 'ரீசைக்கிள் பின்'னைத் திறங்கள். அதைக் காலி செய்யவில்லை என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

அடுத்த முறை?

குரோமில் 'கண்ட்ரோல்', 'ஜே' விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். ஏற்கெனவே பதிவிறக்கியவை பட்டியலாகத் தெரியும்.